கையின் குறையா, கருவியின் குறையா?

வில்லிலிருந்து புறப்படும் அம்பு இரண்டிடம் விடைபெற்றுச் செல்கிறது. ஒன்று, அதைத் தள்ளி அனுப்பும் நாண். மற்றொன்று, அதைத் தாங்கி நின்ற இடம். நாணின் ஒலியைப் பற்றிப் புலவர்கள் நிறையவே பாடியிருக்கிறார்கள். தாங்கி நின்ற இடத்தை எண்ணிப் பார்த்தவர் குறைவு. ஆயினும், நாண் எவ்வளவு நேர்மையாகத் தள்ளினாலும், தாங்கி நின்ற இடம் கடைசிக் கணத்தில் அம்பின் வாலைத் தட்டிவிடுமானால் குறி தப்பித்தான் போகும். தப்பிய அம்பைப் பார்க்கிறவர்களோ, எய்தவனின் கையைத்தான் குறை கூறுவார்கள்.

பண்டைக்காலத்தில் அந்தத் தாங்கி, எய்பவனின் கையேதான். மேற்கு நாட்டவர் இடக்கை முட்டியின் மீது அம்பைச் சாய்த்து வைத்தனர். கட்டைவிரலால் நாண் இழுக்கும் துருக்கியரும் அரபியரும் வில்லின் மறுபக்கத்தில், கட்டைவிரலின் மேல் வைத்தனர். இறகு விரலைக் கீறிச் செல்லும் வேதனையை அவர்கள் அறிந்திருந்தார்கள். உஸ்மானியத் துருக்கியர் குட்டை அம்பை மிகத் தொலைவு எய்வதற்காக 'சிபெர்' என்றொரு சிறு தாங்கியை இடக்கையில் கட்டிக்கொண்டார்கள். அம்பின் முனை வில்லின் வயிற்றைத் தாண்டி உள்ளே வந்த பின்னும் அது வழுகாமல் ஊர்ந்து செல்ல அது பாதையாயிற்று. இஸ்தான்பூலில் அவர்கள் எய்து பழகிய திடலுக்கு ஓக்மெய்தான் என்று பெயர். ஓக் என்றால் அம்பு. மெய்தான் என்பது நாம் நாள்தோறும் சொல்லும் மைதானமே. மிகத் தொலைவு சென்ற அம்புகளின் நினைவாக அங்கே நடப்பட்ட கற்கள் சில இன்றும் நிற்கின்றன. துருக்கியரின் இந்த மரபு வில்வித்தையை 2019ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

நம் இல்லங்களில் அம்பெய்தல் என்ற சொல் அன்னியமானதன்று. பெருமானார் (ஸல்) அவர்கள் அக்கலையைப் போற்றி ஊக்குவித்தார்கள் என்பதையும், உஹதுக் களத்தில் ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் எய்த அம்புகளின் வரலாற்றையும் மதரஸாப் பிள்ளைகளும் அறிவார்கள். அறிந்திருந்தும், எம் இல்லத்துக்குள் ஒரு வில் வந்து சுவரில் தொங்கும் என்று நாம் எண்ணியதில்லை. அதைக் கொண்டுவந்தவள் எம் மகள். வயது பதினேழு.

அவள் எய்வது காம்பவுண்டு வில். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் என்பவர் 1966இல் விண்ணப்பித்து 1969இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. வில்லின் இரு கைகளின் நுனியிலும் மையம் விலகிய சக்கரங்கள். அவற்றைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கேபிள்கள். இழுக்கத் தொடங்கும்போது பாரம் முழுவதும் கையில் ஏறும். இழுத்து முடிக்கையில் சக்கரம் திரும்பிவிடுவதால் பாரத்தின் பெரும்பகுதி குறைந்துவிடும். 42 பவுண்டு வில்லில் நூற்றுக்கு 65 பங்கு குறைந்தால், குறிபார்த்து நிற்கும்போது விரல் தாங்குவது 15 பவுண்டுக்குச் சற்றுக் குறைவே. வலிமை மிகுந்தவர்க்குத்தான் வில் என்ற எண்ணத்தை இது மாற்றிற்று. விஜயவாடாவைச் சேர்ந்த ஜோதி சுரேகா வென்னம், 2023இல் ஹாங்சௌவில் நடந்த ஆசிய விளையாட்டில் இவ்வகை வில்லால் மூன்று தங்கம் பெற்றார். இரு கைகளும் இன்றிப் பிறந்த ஜம்மு-காஷ்மீரத்துச் சிறுமி ஷீதல் தேவி, காலால் வில்லை ஏந்தித் தோளால் இழுத்து, 2024இல் பாரிஸ் பாராலிம்பிக்கில் கலப்பு இரட்டையரில் வெண்கலம் வென்றார். இவ்விருவர் படங்களும் எம் மகளின் மேசைமீது உள்ளன.

வில் புதியதன்று. முன்பு ஆடிய ஒருவரிடம் பாதி விலைக்கு வாங்கியது. அந்தப் பாதி விலைகூட, முப்பது ஆண்டுகள் பள்ளியில் பௌதிகம் கற்பித்து ஓய்வுபெற்ற எமக்கு எளிதாக இருக்கவில்லை. இல்லாள் தம் வளையல் ஒன்றைக் கழற்றித் தந்தார். "பிள்ளை கேட்டுவிட்டாள், இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?" என்பதே அவர் சொன்னது.

ஓராண்டு நன்றாகவே சென்றது. பின்னர் மகளின் முகம் வாடத் தொடங்கிற்று. காரணம் மெல்லத்தான் தெரிந்தது. ஐம்பது மீட்டர் தொலைவில் 72 அம்புகள் எய்வது இப்போட்டியின் முறை. நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு எட்டுச் சென்டிமீட்டர். அவள் எய்யும் அம்புகளில் முதல் முப்பது ஒழுங்காகச் செல்லும். பிற்பாதியில் ஒன்றிரண்டு கீழே சரியும். பிறகு இன்னும் சில. பயிற்சி தருபவர் நல்ல மனிதர், அனுபவம் உள்ளவர். அவர் பல பிள்ளைகளைப் பார்த்தவராதலால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்: "கை நன்றாக இருக்கிறது. மனந்தான் போதாது. பாதிக்கு மேல் தாங்கமாட்டேன் என்கிறது."

மனம் போதாது என்ற சொல், பதினேழு வயதில் ஒரு பெண்ணின் உள்ளத்தில் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். கை போதாது என்றால் பழகிக்கொள்ளலாம். கண் போதாது என்றால் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். மனம் போதாது என்றால் எந்தக் கடையில் எதை வாங்குவது? அவள் அதை நம்பிவிட்டாள். பாடத்தில் மதிப்பெண் குறைந்தாலும், "நான் அப்படித்தான் வாப்பா, பாதிக்கு மேல் என்னால் முடியாது" என்று சொல்லத் தொடங்கினாள். மாநிலத் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில், தான் போகப்போவதில்லை என்றாள்.

உறவினர் சிலர் இதை நற்செய்தியாகவே எடுத்துக்கொண்டனர். வீண்செலவு ஒழிந்தது என்றார் ஒருவர். எமக்கோ, வில் வீட்டில் இருப்பதும் போவதும் பெரிதாகத் தோன்றவில்லை. தன்னைப் பற்றி அவள் எழுதிக்கொண்ட தீர்ப்பே நெஞ்சை அறுத்தது. விசாரணை இன்றி எழுதப்பட்ட தீர்ப்பு அது.

"மகளே, ஒரு வாரம் எமக்குத் தா. உன்னைக் குற்றவாளியாக்கும் முன் உன் கருவியை விசாரிப்போம். கருவி குற்றமற்றதென்றால் பிறகு நீ விரும்பியபடி செய்" என்றோம். அவள் தலையசைத்தாள்.

விசாரணை எளிய முறையில் தொடங்கிற்று. அவள் எய்யும்போது பக்கவாட்டில் நின்று கைபேசியில் மெதுவோட்டப் படம் எடுத்தோம். வில்லில் இருந்தது கேபிளால் இயங்கும் விழுதாங்கி. அதன் முறை இது: நாணை இழுக்கையில் கீழிறங்கும் கேபிள், ஒரு சிறு கயிற்றின் வழியே தாங்கியின் நாக்கை மேலே தூக்கும். அம்பு புறப்பட்டதும் கேபிள் திரும்ப, கயிறு தளர, நாக்கு தன் சுருள்வில்லின் விசையால் கீழே விழும். அம்பின் வால் இறகுகள் எதிலும் படாமல் கடந்து செல்வதற்காகவே இந்த ஏற்பாடு. படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கையில், முதல் அம்புகளில் நாக்கு முழு உயரம் எழுந்து நின்றது. நாற்பதாவது அம்பில் எழவில்லை. நாக்கு தாழ்ந்தால் அம்பின் முனையும் தாழும். முனை தாழ்ந்தால் அம்பு கீழே போகும். கேபிளைக் கவ்வியிருந்த சிறு பிடியின் அருகே நகப்பூச்சால் ஒரு வெண்புள்ளி வைத்து மறுநாள் எய்யச் செய்தோம். முப்பத்தாறு அம்புகளுக்குப் பின் பிடி புள்ளியைவிட்டு மூன்று மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது! அதன் பல் தேய்ந்துபோயிருந்தது. ஒவ்வொரு காலையும் வில்லை எடுக்கையில் அதை விரலால் பழைய இடத்துக்குத் தள்ளிவிடுவது வில்லின் முந்தைய உரிமையாளர் சொல்லிக்கொடுத்த பழக்கமாம். ஆகவேதான் முற்பாதி நேராகவும் பிற்பாதி சரிவாகவும் இருந்தது. பாதிக்கு மேல் தாங்காதது அவள் மனம் அன்று. இரண்டு ரூபாய்ப் பருமனுள்ள ஓர் இரும்புத் துண்டு.

இதைச் சொன்னபோது மகள் சிரிக்கவில்லை. நெடுநேரம் அந்தப் பிடியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழுதை நீக்குவதில் ஒரு தடை இருந்தது. கயிற்றைக் கேபிளின் இழைகளுக்கிடையே கோத்துக் கட்டுவதே உறுதியான வழி. அதற்கு வில்லை அழுத்துபொறியில் வைத்துக் கேபிளைத் தளர்த்த வேண்டும். அப்பொறி உள்ள கடையில் தேர்வுக்குப் பிந்திய நாளே கிடைத்தது. ஆகவே, வில்லின் கையால் இயங்கும் தாங்கி ஒன்றை வாங்கினோம். அதற்குக் கேபிளைத் தொட வேண்டியதில்லை, அழுத்துபொறியும் தேவையில்லை.

இதன் முறை முன்னதற்கு நேர்மாறானது. இங்கே நாக்கை மேலே தூக்குவது சுருள்வில்; கீழே இழுப்பது கயிறு. கயிற்றின் மறுமுனை வில்லின் கீழ்க்கையில் பூட்டப்படுகிறது. வில் சும்மா இருக்கையில் கை விரிந்திருப்பதால் கயிறு இறுகி நாக்கைப் படுக்க வைத்திருக்கும். நாணை இழுத்தால் கை வளையும், கயிறு தளரும், நாக்கு எழுந்து அம்பை ஏந்தும். எய்தவுடன் கை தன் நிலைக்கு மீள்கிறது. மீண்டு முடியும் தறுவாயில்தான் கயிறு மறுபடி இறுகுகிறது. வில்லின் சொந்த வலிமையே நாக்கைக் கீழே சாய்த்துவிடுகிறது. ஆகவே அம்பு நாணோடு செல்லும் தூரத்தின் பெரும்பகுதிக்கு இத்தாங்கி துணை நிற்கிறது. தேவை முடிந்த பின்பே விலகுகிறது. கணக்கிட்டுப் பார்த்தோம்: அம்பு நாணைவிட்டுப் பிரியும்போது அதன் இறகின் முன்விளிம்பு தாங்கிக்குப் பத்துச் சென்டிமீட்டர் அளவு பின்னால் இருக்கிறது. நொடிக்கு எழுபது, எண்பது மீட்டர் விரையும் அம்பு அந்தத் தூரத்தைக் கடக்க ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியைவிடச் சற்றே மிகுதியான நேரம் போதும். அதற்குள் நாக்கு படுத்திருக்க வேண்டும். நுட்பத்தை என்னென்பது!

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின், கூடத்தில் மேசையை இழுத்துப்போட்டு வேலையைத் தொடங்கினோம். வில்லை வைஸில் துணி சுற்றிப் பிடித்து, நாண் செங்குத்தாக நிற்குமாறு ரசமட்டம் வைத்துப் பார்த்தோம். தாங்கியை நடுப்பிடியின் துளையில் ஆலன் சாவியால் பொருத்தினோம். நாக்கை எழுந்த நிலையில் நிறுத்தி அம்பைக் கோத்து இரண்டு அளவுகள் எடுத்தோம். முதலாவது உயரம்: அம்புத்தண்டு அத்துளையின் நடுவை ஒட்டிச் சென்று, நாணோடு செங்கோணம் அமைக்க வேண்டும். இரண்டாவது பக்க அளவு: நடுப்பிடியின் உட்சுவரிலிருந்து தண்டின் மையம் வரை ஏறத்தாழ 20 மில்லிமீட்டர். இது தொடக்க அளவுதான்; வில்லுக்கு வில் சற்று மாறும்; இறுதி முடிவை எய்து பார்த்தே சொல்ல முடியும்.

அடுத்தது கயிறு. கீழ்க்கையின் ஓரத்தில் பிடியைப் பூட்டினோம். கையின் நுனியை நெருங்க நெருங்க அசைவு மிகுதி. ஆகவே நாக்கு விரைந்து எழும். கயிறு நேர்கோட்டில் செல்ல வேண்டும்; நாணையோ, கேபிளையோ, பிடித்திருக்கும் கையையோ தொடக்கூடாது. இனி அதன் நீளம். தளர்ந்திருந்தால் நாக்கு முழுவதும் படுக்காது, இறகு இடறும். மிக இறுகியிருந்தாலோ ஒவ்வோர் அம்புக்கும் தாங்கியின் உறுப்புகள் அடிவாங்கும். நாக்கு தன் அடித்தளத்தைத் தொட்டு நிற்கும் அந்த எல்லையே உரிய இறுக்கம். மகள் கயிற்றை இழுத்துப் பிடிக்க, நாம் திருகைப் பூட்டினோம். பின்பு இலக்கின் எதிரே நின்று, அம்பைக் கோத்தே, மெல்ல இழுத்துப் பார்க்கச் சொன்னோம். அம்பின்றி நாணை விடுவது இவ்வில்லையே உடைத்துவிடும், எய்பவருக்கும் ஆபத்து. பாதி இழுக்கும் முன்பே நாக்கு எழுந்து நின்றது.

இறகு தொடுகிறதா என்று அறிய, நாக்கின்மேல் ஏதேனும் சாயம் தடவி எய்து பார்ப்பது வழக்கம். எம் இல்லத்தில் உதட்டுச் சாயம் இல்லை. எம் தாயார் தம் சுர்மாச் சிமிழைக் கொண்டுவந்து கொடுத்தார். "கண்ணுக்குப் போடுவதை இரும்புக்குப் போடுகிறீர்களே!" என்றபடி அருகில் அமர்ந்துகொண்டார். சுர்மாவில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் குழைத்துத் தடவினோம். மாலையில் திடலுக்குச் சென்று பக்கத்திலிருந்து மூன்று அம்புகள் எய்தாள். மஞ்சள் நிறக் கீழிறகின் ஓரத்தில் மயிரிழை போல் ஒரு கரிய கோடு. கயிற்றை இரண்டு மில்லிமீட்டர் குறைத்தோம். அடுத்த மூன்றில் கோடு இல்லை. பிறகு சட்டத்தில் தாளைக் கட்டி இரண்டு மீட்டர் தொலைவிலிருந்து எய்து கிழிசலைப் பார்த்தோம். வால் மேலே கிழித்திருந்ததால் தாங்கியை ஒரு கோடளவு உயர்த்தினோம். இறுதியில் தண்டுக்கு ஒரு துளை, இறகுகளுக்கு மூன்று கீற்று. வேறு கிழிசல் இல்லை. கயிற்றின் நுனியை நெருப்பில் காட்டி உருக்கி முடிந்து, திருகுகள் ஒவ்வொன்றின் மீதும் நகப்பூச்சால் ஒரு கோடிட்டோம். இனி எது நகர்ந்தாலும் கோடு காட்டிக் கொடுத்துவிடும்.

இரவு உணவின்போது தாயார் கேட்டார்: "அந்த நாக்கு எழுந்தே நின்றுவிட்டால் என்ன கெட்டுவிடும் மகனே?" இறகு இடறும் என்றோம். "சீக்கிரம் விழுந்துவிட்டால்?" அம்பு தள்ளாடும் என்றோம். அவர் சிறிது யோசித்து, "பிள்ளை வளர்ப்பது மாதிரிதான்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டார்.

மகள் தேர்வுக்குச் சென்றாள். நாம் வேலிக்கு அப்பால் நின்றோம். சுற்றுக்கு ஆறு அம்புகள் என்ற கணக்கில் பன்னிரண்டு சுற்றுகள். முற்பாதியில் 321 புள்ளிகள்; பிற்பாதியில் 323. பாதிக்கு மேல் முடியாது என்று தன்னைத்தானே தள்ளி வைத்த பெண், பிற்பாதியில்தான் இரண்டு புள்ளி கூடுதலாகப் பெற்றாள். ஆயினும் அணியில் இடம் கிடைக்கவில்லை. நான்கு புள்ளிகள் குறைவு.

திரும்பும் வழியில் பேருந்தில் அவளாகவே பேசினாள். "வாப்பா, ஐந்தாம் சுற்றில் காற்று வந்தது. நான் பொறுத்திருக்கலாம், அவசரப்பட்டு விட்டுவிட்டேன். அந்த நான்கு புள்ளி என்னுடையதுதான்." அவள் குரலில் அழுகை இல்லை. சில மாதங்களாக அவள் முகத்தில் நாம் காணாத ஒரு தெளிவு இருந்தது. முன்பு தன்னுடையதல்லாத குற்றம் முழுவதையும் சுமந்துகொண்டு, எதைத் திருத்துவது என்றறியாமல் கலங்கியவள், இப்போது தன்னுடைய நான்கு புள்ளியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள். நான்கு புள்ளியைத் திருத்திக்கொள்ளலாம். அடுத்த ஆண்டு, இன்ஷா அல்லாஹ், மீண்டும் போவதாகச் சொல்லியிருக்கிறாள். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்டு வில்லுக்குக் கலப்பு இரட்டையர் போட்டி முதன்முறையாக இடம்பெறுகிறது என்ற செய்தியை வெட்டி, மேசையில் அவ்விரு படங்களுக்கும் கீழே ஒட்டி வைத்திருக்கிறாள்.

பயிற்சி தருபவரிடம் அந்தத் தேய்ந்த பிடியைக் காட்டினோம். அவர் பெருந்தன்மையோடு அதை வாங்கிப் பார்த்து, தம்மிடம் பயிலும் மற்றப் பிள்ளைகளின் விற்களையும் ஒருமுறை பார்த்துவிடுவதாகச் சொன்னார். அவ்வாறே பார்த்தும்விட்டார்.

நம் வீடுகளில் பிள்ளைகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது மிக எளிதாகிவிட்டது. கணக்கு வராத பிள்ளை மந்தம். பள்ளிக்குப் போக அழும் பிள்ளை பிடிவாதம். ஓதும்போது எழுத்தைத் தடுமாறும் பிள்ளை அசட்டை. கரும்பலகை அந்தப் பிள்ளையின் கண்ணுக்குத் தெரிகிறதா, ஆசிரியரின் குரல் கடைசி வரிசைக்குக் கேட்கிறதா, இரவில் படிக்க விளக்குக்கு அருகே இடம் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்? எல்லாப் பிழையும் கருவியின் பிழை என்று நாம் சொல்ல வரவில்லை. எம் மகளின் அந்த நான்கு புள்ளி அவளுடையதே. ஆனால் அதை அவள் தன்னுடையது என்று நிமிர்ந்து சொல்வதற்கு, முன்னதாக அவளுடையதல்லாத பாரத்தை யாராவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது. அந்த வேலை ஒரு ரசமட்டமும், ஓர் ஆலன் சாவியும், சிறிது சுர்மாவும், ஒரு வாரப் பொறுமையும் கேட்டது. பெற்றோரால் தர முடியாதது அதில் எதுவும் இல்லை.